எர்த் குழியில் ஆரம்பிக்கிற கம்ப்யூட்டர்

முதல் தடவை சொந்தமா ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறவங்க எழுதற லிஸ்ட்ல முதல் வரியில என்ன இருக்கணும்? யூடியூப்ல கேட்டா பிராசஸர்னு சொல்வாங்க, இல்லைன்னா கிராஃபிக்ஸ் கார்டுன்னு. பழனி பக்கத்துல பாலசமுத்திரத்துல இருக்கற என்னைக் கேட்டா எர்த் குழின்னுதான் சொல்வேன்.

அக்கா மகன் கல்யாண வீடியோ எடிட் பண்றவன். முகூர்த்த மாசம் வந்தா பழனி மண்டபங்கள்ல இருந்து ஃபுட்டேஜ் வந்துக்கிட்டே இருக்கும். தைப்பூசம், பங்குனி உத்திரம்னா காவடி வீடியோ தனி. இதையெல்லாம் ஒரு பழைய மூணாம் தலைமுறை ஐ3-ல ஓட்டிக்கிட்டு இருந்தான். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திட்டாங்க. விண்டோஸ் 11 வேணும்னா இன்டெல்ல எட்டாம் தலைமுறையாவது வேணும், டிபிஎம் 2.0 வேணும். பழசு ரெண்டுலயும் ஃபெயில். சரி, புதுசு போட்டுடலாம்னு முடிவு பண்ணி வாட்ஸ்அப்ல எனக்கு ஒரு லிஸ்ட் அனுப்பினான்.

"மாமா, எல்லாம் பார்த்தாச்சு. நீங்க ஓகே சொன்னா ஆர்டர் போட்டுருவேன்."

லிஸ்ட் நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணாடிக் கதவு வச்ச கேபினட், வாட்டர் கூலர், கலர் கலரா எரியற ஃபேன், பட்ஜெட்ல பாதிக்கு மேல கிராஃபிக்ஸ் கார்டு. கடைசி வரியில மட்டும் "எஸ்எம்பிஎஸ் – ஏதாவது" அப்படின்னு போட்டிருந்தான். யுபிஎஸ் லிஸ்ட்லயே இல்லை. அந்த "ஏதாவது"ங்கற வார்த்தையைப் பார்த்துட்டுத்தான் நேர்ல வரேன்டா மாப்ளன்னு கிளம்பினேன்.

ஏன்னா இவன் பார்த்து எழுதின அந்த லிஸ்ட்டை முதல்ல யூடியூப்ல போட்டவன் எங்கயோ ஏசி ரூம்ல, கரண்ட்டே போகாத ஊர்ல உட்கார்ந்திருக்கான். நம்ம ஊர் மலையடிவாரம். சுத்தி மா, கொய்யா, தென்னந்தோப்பு. தோப்புக்கெல்லாம் மோட்டார். மும்முனை கரண்ட் வர்ற நேரத்துல எல்லா மோட்டாரும் சேர்ந்து இழுத்தா எங்க தெருக்கோடி வீட்ல டியூப்லைட் மினுக்கும். ராத்திரி லோடு குறைஞ்சா வோல்டேஜ் 230-ஐத் தாண்டிப் போகும். மாசாந்தரப் பராமரிப்புன்னு ஒரு நாள் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட்டே இருக்காது. சித்திரையில கோடை மழையும் ஐப்பசியில அடை மழையும் மலைப் பக்கம் இருந்து இடியோட இறங்கும். இந்த ஊர்ல வேலை செய்யப்போற மெஷினுக்கு லிஸ்ட்டைச் செவுத்துல இருக்கற பிளக் பாயின்ட்ல இருந்துதான் எழுதணும்.

அக்கா மகன் ரூம் மொட்டை மாடியில இருக்கு. பழைய சிபியுவோட பின்பக்க ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்தேன், சுர்ருன்னுது. "அது எப்பவும் அப்படித்தான் மாமா, செருப்புப் போட்டுக்கிட்டா தெரியாது" அப்படிங்கறான்.

இந்தச் சுர்ரு பத்திக் கொஞ்சம் விலாவாரியாச் சொல்லணும். பாதி வீட்ல இதைக் கம்ப்யூட்டரோட குணம்னே நினைச்சுக்கிட்டு இருக்காங்க. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள கரண்ட் நுழையற இடத்துல ஒரு ஃபில்டர் இருக்கும். அதுல ஃபேஸ்ல இருந்து பாடிக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டர், நியூட்ரல்ல இருந்து பாடிக்கு ஒண்ணு. அதுங்க வழியா கசியற கரண்ட் எர்த் வயர்ல போய்ச் சேரணும்னுதான் டிசைனே. எர்த் இல்லைன்னா போக இடமில்லாம கேபினட் மேலயே நிக்கும். ரெண்டு கெப்பாசிட்டருக்கும் நடுவுல இருக்கறதால 230-ல பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட். டெஸ்டரை வச்சா எரியும். கரண்ட் அளவு ரொம்பக் கம்மிங்கறதால ஆளைத் தூக்கி அடிக்காது. ஆனா பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க், எச்டிஎம்ஐ கேபிள்னு எதைச் சொருகினாலும் அந்த வோல்டேஜ் அது வழியாப் போகப் பார்க்கும். எவ்வளவு ஒசத்தி எஸ்எம்பிஎஸ் வாங்கினாலும் எர்த் இல்லாத வீட்ல இது நடக்கும். கம்பெனி மேல குத்தமில்லை, குத்தம் செவுத்துல.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டர் வச்சுப் பார்க்கச் சொன்னோம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 230 பக்கம் இருக்கணும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுலயும் அதே அளவு வரணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். மாடி ரூம் சாக்கெட்ல மூணாவது ஓட்டை இருந்துச்சு, உள்ள வயரே இல்லை. கீழே வீட்டுக்குன்னு போட்ட எர்த்தும் எந்தக் காலத்துலயோ காய்ஞ்சு போயிருந்துச்சு. அதனால புதுசா குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு பைப் இறக்கி, மாடி வரைக்கும் தனி வயர் இழுக்கறதுன்னு முடிவாச்சு. கோடையில மறக்காம குழிக்குத் தண்ணி ஊத்தணும்னு எலக்ட்ரீஷியன் ரெண்டு தடவை சொல்லிட்டுப் போனார். அக்காவுக்குத்தான் புரியலை. "ஏன்டா தம்பி, மேல வைக்கற கம்ப்யூட்டருக்குக் கீழ வாசல்ல எதுக்குடா குழி?"

அடுத்து எஸ்எம்பிஎஸ். நம்ம பக்கம் ரொம்ப நாளா கேபினட் வாங்கினா உள்ளயே ஒரு எஸ்எம்பிஎஸ் வரும், மேல 450 வாட்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். தூக்கிப் பார்த்தா பஞ்சு மாதிரி இருக்கும். ஆபீஸ் கணக்கு எழுதற மெஷினுக்கு அதுவே வருஷக்கணக்கா ஓடிடுச்சு, அதனாலதான் யாரும் யோசிக்கறதில்லை. கிராஃபிக்ஸ் கார்டு மாட்டற மெஷினுக்கு அது ஆகாது. 80 பிளஸ்னு சான்று இருக்கான்னு பார்க்கணும், அது எல்லாரும் சொல்றதுதான். நம்ம ஊருக்கு அதைவிட முக்கியமானது ஸ்டிக்கர்ல பொடி எழுத்துல இருக்கற இன்புட் வோல்டேஜ். சிலதுல 200–240னு போட்டிருக்கும், சிலதுல 100–240னு. மோட்டார் ஓடற நேரத்துல நம்ம வீட்ல 180-க்கு இறங்கினா முதல் வகை தடுமாறும், ரெண்டாவது வகை கண்டுக்காது. ஒரே பிராண்ட்லயே ரெண்டும் விக்கறாங்க, விலை வித்தியாசமும் பெருசா இருக்காது. பெட்டியைத் திருப்பிப் பார்க்கறதுதான் வேலை.

எத்தனை வாட் வேணும்னு கணக்குப் போட்டோம். அவனுக்கு நான் சொன்னது இன்டெல் ஐ5-12400. முழு மூச்சா ஓடும்போது இன்டெல் போட்டிருக்கற உச்சம் 117 வாட். அவன் ஆசைப்பட்ட ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட். போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 60. முன்னூறைத் தாண்டலை. 550 வாட் நல்ல எஸ்எம்பிஎஸ் தாராளம். 850 வாட் வாங்குன்னு சொல்றவங்க இருக்காங்க, அவங்க வேற கார்டை மனசுல வச்சிருக்காங்க.

யுபிஎஸ்ல தான் பலரும் ஏமாறறது. 600 விஏ யுபிஎஸ்னா 600 வாட் இல்லை, 360 வாட் அளவுதான் தாங்கும். பெட்டியில பெருசா விஏ போட்டிருப்பான், வாட் பொடியா இருக்கும். மேல சொன்ன மெஷினோட எஸ்எம்பிஎஸ் நஷ்டம், மானிட்டர் எல்லாம் சேர்த்தா வீடியோ ரெண்டர் ஆகற நேரத்துல 360 தொட்டுடும். கரண்ட் போன அதே நொடியில யுபிஎஸ் கையை விரிச்சா அது இருந்தும் என்ன பிரயோஜனம்? 600 வாட்டாவது தாங்கற மாதிரி 1000, 1100 விஏ வகையா எடுக்கணும். பேட்டரி ரெண்டு மூணு வருஷத்துல போயிடும், அதனால உள்ள இருக்கறது 12 வோல்ட் 7 ஏஎச் மாதிரி எங்கயும் கிடைக்கற சைஸான்னு கேட்டுக்கணும். பழனியில இன்வெர்ட்டர் கடையிலேயே கிடைச்சுடும்.

"வீட்லதான் இன்வெர்ட்டர் இருக்கே மாமா?" இருக்கு. பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி தமிழ்நாடு பூரா மணிக்கணக்குல கரண்ட் போன காலத்துல வாங்கினது. ஃபேன் உர்ருன்னு சத்தம் போட்டா அது ஸ்கொயர் வேவ். நல்ல எஸ்எம்பிஎஸ், கரண்ட் நின்னா சுமார் 16 மில்லிசெகண்ட் வரைக்கும் தன்னோட கெப்பாசிட்டர்ல இருந்து தாக்குப் பிடிக்கும். அதுக்குள்ள இன்வெர்ட்டர் மாறினா பிழைச்சது, இல்லைன்னா ரீஸ்டார்ட். பின்னாடி 'யுபிஎஸ் மோட்'னு ஒரு ஸ்விட்ச் இருந்தா சீக்கிரம் மாறும், இந்தப் பழசுல அது இல்லை. இன்னொரு கூத்தும் உண்டு: ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் லைன்ல யுபிஎஸ்ஸைச் சொருகினா, சில யுபிஎஸ் அந்தக் கரண்ட்டைக் கரண்ட்டாவே ஒத்துக்காது. பேட்டரியில ஓடி, தீர்ந்து, அணைஞ்சுடும். அதனால யுபிஎஸ்ஸுக்கு நேரா மெயின் லைன்.

இவ்வளவும் முடிஞ்ச பிறகுதான் பிராசஸர் பேச்சு. அவன் லிஸ்ட்ல இருந்தது 12400எஃப். அந்தக் கடைசி 'எஃப்' இருந்தா உள்ளயே இருக்கற கிராஃபிக்ஸ் கிடையாதுன்னு அர்த்தம். கொஞ்சம் விலை கம்மி. கேம் மட்டும் ஆடறவனுக்குச் சரி. இவன் வேலைக்கு அந்த உள் கிராஃபிக்ஸ்தான் மூலதனமே. கல்யாணம் எடுக்கற பலரும் சோனி ஏ7 ஃபோர் மாதிரி கேமராவுல 10-பிட் 4:2:2-ன்னு எடுக்கறாங்க, கலர் திருத்த வசதியா இருக்கும். அந்த ஃபைல் எச்.265-ல இருந்தா டைம்லைன்ல இழுத்துப் போட்டதும் சாதாரண மெஷின் திக்கும். இன்டெல்லோட உள் கிராஃபிக்ஸ்ல இருக்கற குயிக் சிங்க் 11-ஆம் தலைமுறையில இருந்தே இதை ஹார்டுவேர்லயே பிரிச்சுக் காட்டும். என்விடியா இந்த வகைக்கு வழி பண்ணது ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலதான். அவன் லிஸ்ட்ல இருந்த 4060-ஆல முடியாது. அதாவது ஐ5-ல 'எஃப்' இல்லாததை எடுத்தா, விலை கூடின கார்டு செய்யாத ஒரு வேலையை அது செய்யும். எந்த எடிட்டிங் சாஃப்ட்வேர், எந்த வெர்ஷன்ங்கறதையும் பார்த்துக்கணும், எல்லாமே குயிக் சிங்க்கை முழுசாப் பயன்படுத்தறதில்லை.

ஏன் 12-ஆம் தலைமுறை, புதுசு ஏன் வேண்டாம்னு கேட்டான். 13, 14-ல சில பிராசஸர்கள் நிலை தடுமாறின விவகாரம் 2024-ல பெருசாச்சு, இன்டெல்லே வாரன்டியை ரெண்டு வருஷம் நீட்டிச்சாங்க. 12-ல அந்தத் தொல்லை இல்லை. அது உட்கார்ற எல்ஜிஏ1700 சாக்கெட்டுக்கு இனி புதுத் தலைமுறை பிராசஸர் வராதுங்கறது உண்மைதான். ஏஎம்டியோட ஏஎம்5 எடுத்தா நாளைக்குப் பிராசஸரை மட்டும் மாத்திக்கலாம்னு சொல்வாங்க, அதுவும் உண்மைதான். ஆனா நம்ம பக்கம் யார் பிராசஸரை மட்டும் மாத்தறா? எட்டு வருஷம் ஓட்டிட்டு மொத்தமா வித்துட்டு வேற வாங்கறோம். எனக்கு அந்த வாதம் இங்க எடுபடலை.

இன்னொரு காரணம் ராம். ஏஎம்5-ல டிடிஆர்5 மட்டும்தான். எல்ஜிஏ1700-ல டிடிஆர்4 போர்டும் கிடைக்குது. 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டருக்காக மெமரி சிப்பையெல்லாம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டதுல ராம் விலை ஏறின ஏத்தம் இருக்கே, தங்கம் தோத்தது. மைக்ரான் கம்பெனி க்ருஷியல்ங்கற பேர்ல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வித்துக்கிட்டு இருந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே விடறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சாங்க. டிடிஆர்4-ம் ஏறித்தான் இருக்கு, ஆனா பழைய மெஷின் கழட்டினதுன்னு தெரிஞ்சவங்ககிட்ட கிடைக்க வாய்ப்பு உண்டு. ராம்ல பழசு வாங்கப் பயப்பட வேண்டாம், ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டினா தெரிஞ்சுடும். எட்டு ஜிபி ரெண்டா வாங்கு, பதினாறு ஒண்ணா வேண்டாம். உள் கிராஃபிக்ஸை நம்பி ஓட்டறவனுக்கு ரெண்டு சேனல் கட்டாயம்.

வாட்டர் கூலரை அடிச்சுட்டேன். மாடி ரூம்ல சித்திரை மத்தியானம் வெளியே 38 டிகிரின்னா உள்ள அதுக்கும் மேல. தண்ணி ஓடினாலும் காத்து ஓடினாலும் ரூம் சூட்டுக்குக் கீழ எதையும் குளிர வைக்க முடியாது. 117 வாட்டுக்கு டீப்கூல் ஏகே400 மாதிரி ஒரு டவர் கூலர் போதும், அஞ்சு வருஷம் கழிச்சு ஃபேன் போனா ஃபேனை மட்டும் மாத்தலாம். கேபினட்ல கண்ணாடி பக்கவாட்டுல இருக்கட்டும், முன்பக்கம் வலையாத்தான் இருக்கணும், கழட்டிக் கழுவற ஃபில்டரோட. அப்புறம் பல்லி. சிரிக்காதீங்க. கேபினட்டுக்குப் பின்னாடி ஸ்லாட் மூடியைக் கழட்டிட்டு அப்படியே விட்டுட்டா, ராத்திரி கதகதப்புக்கு பல்லி உள்ள போய் எஸ்எம்பிஎஸ்ல முடிஞ்ச கதை எந்த சர்வீஸ் கடையிலயும் கேட்கலாம். எறும்பும் அப்படித்தான். ஒரு ஸ்லாட் மூடிகூடத் திறந்து கிடக்கக் கூடாது.

எங்க வாங்கறது? பழனியில ராம், எஸ்எஸ்டி, கீபோர்டு கிடைக்கும். போர்டு, பிராசஸருக்குக் கோவை காந்திபுரம் பக்கம் போகணும், இல்லைன்னா ஆன்லைன். சென்னை ரிச்சி தெருவுல விலை பேசலாம்தான், ஆனா ஒரு போர்டு கோளாறுன்னா அதைத் தூக்கிக்கிட்டு மறுபடி ரயில் ஏறணும். ஆயிரம் ரூபா கூடன்னாலும் கோவையில வாங்குன்னுதான் என் கட்சி. எந்த பிராண்டுக்கு நம்ம பின்கோடுக்குக் கிட்ட எங்க சர்வீஸ் சென்டர்னு முதல்ல அவங்க வெப்சைட்ல பார்த்துட்டு, அப்புறம் பிராண்டை முடிவு பண்ணு. பிராசஸர் பெட்டியோட வாங்கு. 'டிரே பீஸ்'னு பிளாஸ்டிக் கவர்ல கொடுப்பாங்க, விலை குறையும், ஆனா பெட்டிக்கு இன்டெல் தர்ற மூணு வருஷ வாரன்டி அதுக்கு வராது, கடைக்காரர் சொன்ன வார்த்தைதான் வாரன்டி. பில்லுல ஜிஎஸ்டியோட சீரியல் நம்பரும் இருக்கணும்.

மாசம் ஒண்ணா வாங்கிச் சேர்க்கலாம்னு ஒரு திட்டம் வச்சிருந்தான். யுபிஎஸ், மானிட்டர், கேபினட்டுக்கு அது சரி. பிராசஸர், போர்டு, ராம், எஸ்எம்பிஎஸ் நாலும் ஒரே வாரத்துல வரணும். ஆன்லைன்ல மாத்தித் தர்ற கெடு ஒரு வாரம் பத்து நாள்தான். தையில வாங்கின போர்டைச் சித்திரையில முதல் தடவை ஆன் பண்ணி, செத்துப் போனதுன்னு தெரிஞ்சா யார்கிட்ட போய்ச் சொல்றது? பணத்தைச் சேர்த்து வை, பார்ட்ஸைச் சேர்க்காதே.

மாட்டற அன்னிக்கு எல்லாத்தையும் கேபினட்டுக்குள்ள ஏத்தறதுக்கு முன்னாடி, போர்டு வந்த அட்டைப் பெட்டி மேலயே போர்டை வச்சு, பிராசஸர், கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் சொருகி ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்க்கணும். கூலர் அடியில ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் தாளை உரிக்கணும். எல்ஜிஏ1700-ல பின் எல்லாம் போர்டுலதான் இருக்கு, அந்தச் சாக்கெட்டுக்கு மேல ஸ்க்ரூ டிரைவரை நீட்டவே கூடாது. ரெண்டு ராமும் போடும்போது பிராசஸர்ல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட். முதல் தடவை திரை வர நேரமாகும், அதுவும் டிடிஆர்5-ல சில நிமிஷம் கறுப்பாவே நிக்கும். பயந்து ஸ்விட்சை அணைச்சா மறுபடி முதல்ல இருந்து. விண்டோஸ் 11 போடும்போது இன்டர்நெட் கேட்டு அடம் பிடிக்கும், அந்த நேரம் வைஃபை டிரைவர் இருக்காது. மொபைலை யுஎஸ்பி கேபிள்ல சொருகி டெதரிங் போட்டா நகர்ந்துடும்.

கிராஃபிக்ஸ் கார்டு இப்போதைக்கு லிஸ்ட்ல இல்லை. உள் கிராஃபிக்ஸ்லயே ஒரு சீசன் ஓட்டிட்டு, எது இழுக்குது எது திக்குதுன்னு பார்த்துட்டு வாங்கலாம்னு பேச்சு. எஸ்எம்பிஎஸ்ஸும் யுபிஎஸ்ஸும் அதுக்கு இடம் விட்டுத்தான் வாங்கறோம். தலையை ஆட்டிட்டான், ஆனா மனசு ஆறலை. அன்னிக்கு ராத்திரியே பழைய 3060 ஒண்ணு, 12 ஜிபி, விலை கம்மின்னு படம் அனுப்பினான். 170 வாட், அதனால எஸ்எம்பிஎஸ் பிரச்சினை இல்லை. 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங் நின்னதும் ராவும் பகலும் ஓடின கார்டுகள் சந்தைக்குக் குவியலா வந்துச்சு, இதுவும் அதுல ஒண்ணா இருக்கலாம். அதுக்காக வேண்டாம்னு இல்லை. விக்கறவர் முன்னாடி உட்கார்ந்து ஒரு மணி நேரம் லோடு கொடுத்து ஓட்டிப் பார்க்க விடுவாரான்னு கேளு, ஃபேன் சத்தம், சூடு, திரையில புள்ளி விழுதான்னு பாரு, பில் இருக்கான்னு கேளு, விட மாட்டேன்னா திரும்பி வந்துடுன்னேன்.

விடறேன்னு சொல்லிட்டாராம். ஆள் திருப்பூர். தாராபுரம் வழியா பஸ் இருக்கு, ஞாயித்துக்கிழமை நானும் கூட வரணுமாம்.